இருளாயி அக்கா கழுவிக் கொடுத்த மூச்சுக்குழல்

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தக் கதையை யாருக்காவது உரக்க வாசித்துக் காட்டுகிற வழக்கம் உங்களுக்கு இருந்தால், தயவுசெய்து முதலில் ஒரு தடவை மனசுக்குள் படித்துவிடுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். மற்றவர்களுக்கு இந்த நிபந்தனை கிடையாது. காப்பி குடித்துக்கொண்டே படிக்கலாம்.

1

இந்தக் கதை எனக்குக் கல்யாணப் பந்தியில் கிடைத்தது. என் கல்யாணப் பந்தியில். 1987, ஈப்போ, புந்தோங்கில் ஒரு சின்ன மண்டபம். இலையில் கை வைக்கப் போனேன். முன்பின் பார்த்திராத ஓர் அம்மாள் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, இந்தப் புள்ள பசியில வளந்த புள்ள. அது சாப்பிட்டுச்சான்னு கேட்டுட்டு அப்புறமா நீங்க கைய வைங்க. என்ன, வெளங்குதா?"

தலையாட்டினேன். அன்றைக்கு மாப்பிள்ளைக்கு இருக்கிற ஒரே வேலை தலையாட்டுவதுதானே.

ஆனால் மண்டைக்குள் குடைச்சல் ஆரம்பித்துவிட்டது. என் மாமனார் சூசைநாதன் ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக, தோட்டத்து ஜனங்களுக்குப் பாதி டாக்டராக, இருந்தவர். வீட்டில் கோழி உண்டு, மாடு உண்டு, ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து வந்தால் இரண்டு கறி உண்டு. என் மனைவி பியாட்ரிஸைச் சின்ன வயதில் தட்டைத் தூக்கிக்கொண்டு துரத்தித்தான் சாப்பிட வைத்தார்களாம். இதில் எந்தப் பசி? யார் பசி?

மறுநாள் பினாங்குக்குப் போகிற பஸ்ஸில் கேட்டேன். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். பாகான் செராய் தாண்டும்போது பார்த்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு முழுக் கதையையும் சொன்னாள். சொல்லிவிட்டு, "இத மட்டும் எழுதிறாதீங்க" என்றாள்.

எழுதுகிறவனிடம் இப்படிச் சொல்லலாமா? ஆனாலும் இரண்டு வருஷம் பொறுமையாக இருந்தேன்.

[பொறுமையாவா? ரெண்டு நாளைக்கு ஒரு தடவ கேட்டு உயிர எடுத்தீங்க. – பி.]

இப்படிச் சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவளுடையது. நான் எழுதிய பக்கங்களைப் பென்சிலும் கையுமாகப் படிக்கிறாள். அவள் எழுதுவதை அழிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் இந்தக் கதைக்கு அனுமதி வாங்கினேன். வாக்குக் கொடுத்த அன்று எனக்கு நல்ல காய்ச்சல் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

2

ஆரம்பத்தை மூன்று விதமாக எழுதினேன்.

முதல் ஆரம்பம்: கிந்தா ஆற்றின் மேல் மழை மேகம் கனத்துத் தொங்கிய காலைப் பொழுதில், மெலிந்த இளம்பெண் ஒருத்தி தன் கைப்பையை நெஞ்சோடு—

[மழையே இல்ல. மண்டையப் பொளக்கிற வெயில். – பி.]

இரண்டாவது: மூச்சுக்குழலின் உட்புறத்தில் மெல்லிய தோல் போன்ற ஒரு படலமும், அதற்கு வெளியே தசையும்—

இது கதை இல்லை, ஐந்தாம் படிவப் பரீட்சை. கசக்கிப் போட்டேன்.

மூன்றாவது: நாய்க்குப் போடுகிறதைத்தான் அவள் கேட்டாள்.

இதை வைத்துக்கொள்கிறேன். இது நடந்ததும்கூட.

வருஷம் 1985. அப்போது பியாட்ரிஸ் எனக்கு யாரோ. பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குப் பதிந்துகொண்டு, ஈப்போவில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். சனிக்கிழமை காலையில் பஸ்ஸில் வந்து இறங்குவாள். சாயம் போன நீலக் கவுன், துணிப்பை, பைக்குள் ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் ஒரு போத்தல் உப்புக் கரைசல். பாசாரில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்த உடையப்பன் அண்ணனிடம் போய், "அண்ணே, அந்தத் தொண்டைக்குழல தூக்கிப் போடாம எனக்குக் குடுங்க" என்பாள்.

"அது எதுக்கும்மா?"

"ஆராய்ச்சிக்குண்ணே."

உடையப்பன் அண்ணன் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. வெட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி இருளாயி அக்கா மட்டும், அந்தக் கவுனையும் துணிப்பையையும் உப்புத்தண்ணீர் போத்தலையும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

3

பியாட்ரிஸ் அதை வைத்து என்ன செய்தாள் என்று இப்போது சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நானே பொறுத்துக்கொண்டேன், நீங்கள் பொறுக்க மாட்டீர்களா?

மூச்சுக்குழலில் ஒரு சின்ன வளையம் வெட்டி, நூல் கட்டி, ஒரு கண்ணாடிக் குழலுக்குள் உடம்புச் சூட்டில் இருக்கிற உப்புக் கரைசலில் தொங்கவிடுவாள். அடியிலிருந்து பிராணவாயு குமிழ் குமிழாக வந்துகொண்டிருக்கும். அப்படி வைத்தால் அந்த வளையம் சாயங்காலம் வரைக்கும் உயிரோடு இருக்கும். ஆடு போய்ச் சேர்ந்துவிட்டது, ஆட்டின் தசைக்கு அந்தச் செய்தி இன்னும் வரவில்லை. ஒரு மருந்தை ஊற்றினால் தசை இறுகி நூலை இழுக்கும். நூல் ஒரு ஊசியை இழுக்கும். ஊசி, ஓடுகிற தாளில் மேலே ஏறிக் கோடு போடும். இளைப்பு, அதாவது ஆஸ்துமா, உள்ளவருடைய நெஞ்சுக்குள் குழாய்கள் இறுகுவதும் இதே வேலைதான். பிறகு இன்னொரு மருந்தை ஊற்றினால் தசை தளரும். ஊசி இறங்கும்.

அந்த இறக்கத்தைத்தான் அவள் அளந்துகொண்டிருந்தாள். எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு தளர்ச்சி. மாதக்கணக்கில் அளந்தாள், ஊசி சொன்ன பேச்சைக் கேட்டது. வருஷக் கடைசியில் பேராசிரியர் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் படிப்பு தொடரும். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆயர் தாவாருக்குப் போய் டியூஷன் எடுக்க வேண்டியதுதான்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஊசி முரண்டு பிடித்தது. ஏறுவது முன்பைவிட ஜோராக ஏறியது. இறங்கச் சொன்னால், பாதியில் நின்றுவிட்டது. மருந்தைக் கூட்டினாள். வரமாட்டேன் என்றது.

மருந்தைச் சந்தேகப்பட்டுப் புதுப் புட்டி உடைத்தாள். வெந்நீர்த் தொட்டியைச் சந்தேகப்பட்டாள். நூலை மாற்றினாள், உப்பை மாற்றினாள், கடைசியில் தன் கண்ணையே சந்தேகப்பட்டுக் கண் டாக்டரிடம் போனாள். "இப்படியே போனா நானே பஸ் ஏறி தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கிருவேன் போலிருக்கு" என்று ஆய்வுக்கூடக் காவல்காரர் சன்னாசியிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

[அழல. மூக்கு அடச்சிருந்துச்சு. – பி.]

ஆட்டை மட்டும் அவள் சந்தேகப்படவில்லை. ஆடு ஆடுதானே.

இங்கே ஒரு சிறு குறிப்பு. அதே சமயத்திலிருந்து பொட்டலத்தில் வாழை இலையில் மடித்த ஒரு துண்டு ஈரலும் வரத் தொடங்கியிருந்தது. கடைக்காரர் மரியாதை என்று நினைத்து வாங்கிக்கொண்டாள். அவளுக்கு ஈரல் வாசமே ஆகாது. அதெல்லாம் சன்னாசி வீட்டுக்குப் போனது.

[இத எதுக்கு எழுதுறீங்க? அக்கா காதுக்குப் போச்சுன்னா? – பி.]

4

அந்தச் சனிக்கிழமை வேறொரு பஸ் கிடைத்து, வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டாள். உடையப்பன் அண்ணன் கத்தியை நீட்டிக் கடையின் பின்பக்கத்தைக் காட்டினார்.

"செத்த இரு தங்கச்சி. ஒனக்குத்தான் பின்னாடி கழுவிக்கிட்டு இருக்கா."

"எத?"

பின்னால் போய்ப் பார்த்தாள். இருளாயி அக்கா ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். ஒரு குச்சியில் ஈரத்துணியை இறுக்கிச் சுற்றி, மூச்சுக்குழலுக்குள் விட்டுத் திருகிக்கொண்டிருந்தார். திருகி எடுத்து, துணியை அலசி, மறுபடி விட்டார். ஒரு தடவை திருகுவதும், முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்குவதுமாக இருந்தார். அவர் நெஞ்சுக்குள் அடித்த விசில் சத்தம் கடை வாசல் வரைக்கும் கேட்டது.

"அக்கா... என்ன செய்றீங்க?"

"ஐயையோ, வந்துட்டியா? இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கே. உள்ளாற ஒரே கொழகொழன்னு சளி, தங்கச்சி. அதோட எப்படி ஒரு புள்ளைக்குத் தூக்கிக் குடுக்கிறது? பாரு, எப்படி வழிச்சு எடுத்திருக்கேன், கண்ணாடி மாதிரி!"

"எப்பலேருந்துக்கா இப்படி?"

"ஆச்சு, தீபாவளிக்கு முந்தியே ஆரம்பிச்சுட்டேன்."

பியாட்ரிஸ் குச்சியில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். துணியோடு போனது சளி மட்டும் இல்லை. உள்ளே ஒட்டியிருந்த படலமும் சேர்ந்து போயிருக்கிறது.

இருளாயி அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"கூச்சப்படாத. எங்க தோட்டத்துல நாங்களும் இப்படித்தான் கேப்போம், நாய்க்குன்னு. எலும்பு நாய்க்கு, கொடலு நாய்க்கு, காது நாய்க்கு. எங்க வீட்ல நாயே கெடையாது லா! நீ படிச்ச புள்ள, ஆராய்ச்சிக்குன்னு சொல்ற. எல்லாம் ஒண்ணுதான். நீ உப்புத்தண்ணியில ஊறப் போடும்போதே நெனச்சேன், பாவம், வீட்ல ஐஸ்பெட்டிகூட இல்ல போலன்னு."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் பல தடவை நின்று மூச்சு வாங்கினார். முடித்துவிட்டு, வாழை இலையில் ஈரலை மடிக்க ஆரம்பித்தார்.

[எனக்கு அந்த நிமிஷம் கோவம்தான் வந்துச்சு. அத்தன வாரம் போச்சேன்னு. நல்லவ மாதிரியே எழுதாதீங்க, கோவத்தையும் எழுதுங்க. அப்புறம் அவங்க மறுபடியும் குச்சிய எடுத்தாங்க, நெஞ்சு விசிலடிச்சுது. எந்தத் தசைக்காக நான் ஆட்டக் கட்டித் தொங்க விட்டேனோ அந்தத் தசை எனக்காக அங்க கஷ்டப்பட்டுக்கிட்டு இருந்துச்சு. – பி.]

இந்த வாக்கியத்தை நான் எழுதியிருக்க வேண்டும். பென்சில் முந்திக்கொண்டது.

5

இப்போது கதைக்குப் பெரிய சிக்கல். கழுவுவதை நிறுத்தச் சொன்னால்தான் அவள் படிப்பு பிழைக்கும். நிறுத்தச் சொல்லவேண்டுமானால், "நான் பசியில் இல்லை அக்கா" என்று சொல்ல வேண்டும். சொன்னால், மூச்சைக் கொடுத்து அந்த அம்மாள் செய்த அத்தனையும் கேலிக்கூத்தாகிவிடும்.

இந்த இடத்தில் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. பியாட்ரிஸ் உண்மையைச் சொல்கிறாள். "அக்கா, நான் இதைச் சாப்பிடுவதில்லை. நீங்கள் துடைத்து எடுத்த படலம்தான் எனக்கு வேண்டியது." இருளாயி அக்காவின் கையில் இருந்த ஈரல்—

[நிறுத்துங்க. – பி.]

நிறுத்திவிட்டேன்.

முடிவு இரண்டு. பியாட்ரிஸ் அடுத்த வாரத்திலிருந்து வேறு கடைக்குப் போகிறாள். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. ஆனால் சனிக்கிழமை தோறும் இருளாயி அக்கா கழுவி வைத்துக்கொண்டு பஸ் வருகிற திசையையே—

இதை நானே அடித்துவிட்டேன். எனக்கே தாங்கவில்லை.

நடந்தது இதுதான். பியாட்ரிஸ் அந்த வாளிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்குக் கழுவவே தெரியாது. நீங்களே கழுவிக் குடுத்தா நான் எப்பப் பழகுறது? பாதிய அப்படியே குடுங்க. தண்ணிகூடப் படாம குடுங்க. நான் கழுவிப் பாக்கிறேன்."

இருளாயி அக்கா யோசித்தார்.

"அதுவும் சரிதான். நாளைக்குப் போற எடத்துல ஒண்ணும் தெரியலன்னா எங்களத்தான் பேசுவாங்க."

எங்களத்தான் என்றாராம். பஸ்ஸில் அவள் கண்ணைத் துடைத்தது இந்த ஒரு சொல்லுக்குத்தான் என்று பிறகுதான் புரிந்தது.

6

துணி படாத குழலில் ஒரு வளையம் வெட்டித் தொங்கவிட்டாள். மருந்தை ஊற்றினாள். ஊசி சமர்த்தாக இறங்கியது.

அதோடு விட்டிருந்தால் அவள் பியாட்ரிஸ் இல்லை. அதே குழலில் இன்னொரு வளையம் வெட்டி, உப்புக் கரைசலில் நனைத்த பஞ்சால் உட்புறத்தை மட்டும் தானே துடைத்தாள். பக்கத்தில் தொங்கவிட்டாள். ஒரே ஆடு, ஒரே மருந்து, ஒரே சூடு. துடைத்தது அதிகமாக இறுகியது, குறைவாகத் தளர்ந்தது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். அப்படியேதான் வந்தது.

அதாவது, உள்ளே இருக்கிற படலம் சும்மா தூசியையும் சளியையும் பார்த்துக்கொள்கிற காவல்காரன் இல்லை. பக்கத்துத் தசையின் இறுக்கத்திலும் தளர்ச்சியிலும் அதற்குப் பங்கு உண்டு. ஏதோ ஒன்றைச் சுரந்து, தசையைத் தளரச் சொல்கிறது. என்ன அந்த ஏதோ என்று பேராசிரியர் கேட்டபோது, "தெரியல சார்" என்றாளாம். அவர் கோபப்படவில்லை. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்கிற மாணவிக்கு இன்னொரு வருஷம் தரலாம் என்றாராம்.

[நான்தான் முதல்ல கண்டுபிடிச்ச மாதிரி எழுதுறீங்க. இல்ல. ரத்தக்குழாயில இந்த மாதிரி இருக்குன்னு அஞ்சு வருஷம் முன்னாடியே தெரியும். மூச்சுக்குழல்லயும் இருக்குன்னு வெளிநாட்டுல அந்த வருஷமே எழுதிட்டாங்க, பத்திரிகை நம்ம ஊருக்குக் கப்பல்ல வந்து சேர லேட்டு. – பி.]

சரி தாயே. என் கதாநாயகி எதையும் முதலில் கண்டுபிடிக்கவில்லை. பாசாரில் கண்டுபிடித்தாள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஓர் எழுத்தாளனுக்குக் கை அரிக்கும். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருந்துகொண்டு, இறுகிப் போனதை இளக்குகிற அந்தப் படலம், இருளாயி அக்காவின் அன்பைப் போலவே—

[வேணாம். படலம் படலம்தான், அக்கா அக்காதான். – பி.]

கையைக் கட்டிக்கொண்டேன்.

இருளாயி அக்கா கழுவிய பாதி இருக்கிறதே, அது ஆய்வுக்கு உதவாது. வாளித் தண்ணீர் பட்டது. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் விடாமல் கேட்பார், "போன வாரத்தது எப்படி வந்துச்சு? மொளகு தூக்கலாப் போட்டியா?" பியாட்ரிஸுக்குப் பொய் சொல்லத் திணறும். அதனால் சமைத்தாள். முதல் தடவை ரப்பர்க் குழாயைக் கடிப்பது மாதிரி இருந்ததாம். இன்னும் கொஞ்சம் வேகவிட வேண்டும் என்று அக்கா சொல்லிக் கொடுத்தார். ஈரலையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டுப் பழகினாள். சன்னாசி மட்டும் சில வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இப்பல்லாம் ஈரல் வர்றதில்லியா மிஸ்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பியாட்ரிஸ் இருளாயி அக்காவை வம்படியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாயில் வைத்து அடிக்கிற மருந்து கொடுத்தார்கள். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழலில் அவள் ஊற்றிய மருந்துக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. எப்படி இழுக்க வேண்டும், எவ்வளவு நேரம் அடக்க வேண்டும் என்று அவளே சொல்லிக் கொடுத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து இழுத்தார். கொஞ்ச நேரத்தில் விசில் நின்றது. நெஞ்சைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ஒனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

"படிச்சேங்க்கா."

"பசியிலயும் படிச்சிருக்க பாரு" என்றார் இருளாயி அக்கா.

அந்த வார்த்தைக்குப் பிறகு யாரால் உண்மையைச் சொல்ல முடியும்? பியாட்ரிஸ் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அதனால்தான் என் மணிக்கட்டு அன்று பந்தியில் பிடிபட்டது. அதனால்தான் இன்றுவரை, அவள் சாப்பிட்டாளா என்று கேட்காமல் என்னால் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

7

இனி உண்மையான சிக்கல். இந்தக் கதையை நான் ஞாயிறு பதிப்புக்கு அனுப்பப் போகிறேன். இருளாயி அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்ததும், அவர் மகள் பாப்பா பேப்பரை விரித்துக் கதையை உரக்க வாசித்துக் காட்டும். அக்காவுக்குக் கதை என்றால் உயிர். என் கதைகளைக் கேட்டுவிட்டு, "தம்பி கதையில யாருமே வயிறாரச் சாப்பிட மாட்டேங்கிறாங்க" என்று ஆள் அனுப்பிச் சொன்னவர்.

பெயர்களை மாற்றிப் பார்த்தேன். மாற்றினால் மட்டும்? குச்சியும் துணியும் ஈரலும் யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? ஆட்டுக்கடையை மீன்கடையாக்கினேன். மீனுக்கு ஏதுங்க மூச்சுக்குழல் என்று பென்சில் கேட்டது. ஈப்போவைத் தைப்பிங்காக மாற்றினேன். அது மழைக்குப் பேர்போன ஊர், அதனால் அன்று மழை பெய்ததாக ஆக்கவேண்டி வந்தது. அதற்கும் வீட்டில் சம்மதம் இல்லை.

[போடாதீங்க. – பி.]

அதற்குக் கீழே, அழித்து எழுதியது:

[போடுங்க. நல்லாத்தான் இருக்கு. அவங்க எனக்குக் குடுத்தத நாலு பேர் தெரிஞ்சுக்கட்டும். ஆனா முடிவ நீங்க எழுதாதீங்க. நானும் எழுத மாட்டேன். பாப்பா கையில விட்டுருங்க. அம்மாவ அதுக்குத்தான் நல்லாத் தெரியும். – பி.]

8

தங்கச்சி பாப்பா,

முதல் வரியில் நான் சொன்னபடி நீ மனசுக்குள்தான் படித்துக்கொண்டிருக்கிறாய் என்று நம்புகிறேன். அம்மா வெற்றிலை மடித்துக்கொண்டு, "என்னடி, சத்தத்தையே காணோம்?" என்று கேட்டிருப்பார். கொட்டை எழுத்தில் அச்சுப்பிழை இருக்கும்மா என்று ஏதாவது சொல்லி வை.

உனக்கு இரண்டு வழி இருக்கிறது. இந்தக் கதையை முதலிலிருந்து கடைசி வரை அப்படியே வாசித்துக் காட்டலாம். அம்மா சிரிக்கலாம். "அடிப்பாவி, ஆயர் தாவார் டிரெஸ்ஸர் மகளா நீ!" என்று வயிறு குலுங்கச் சிரிக்கலாம். நானும் பியாட்ரிஸும் அப்படித்தான் கற்பனை செய்துகொள்கிறோம். ஆனால் சிரிக்காமலும் போகலாம். எழுந்து பின்பக்கம் போய்ச் சும்மா நின்றுகொண்டிருக்கலாம். எது நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, தங்கச்சி. அதைத் தெரியாமல் முடிவு எழுத எனக்குத் தைரியம் இல்லை.

இல்லாவிட்டால், கீழே இருப்பதை மட்டும் வாசித்துக் காட்டு. சின்னக் கதை. அவருக்காகவே எழுதியது. இதிலும் பொய் ஒன்றும் இல்லை.

ஒரு ஊரில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது. எதற்கு என்று அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பாசாரில் ஓர் அக்கா, ஒன்றும் கேட்காமல், தன் மூச்சு திணறத் திணற, அவள் கையில் சுத்தமாகக் கொடுத்தார். அந்தப் பெண் அதை வைத்துத்தான் படித்து மேலே வந்தாள். அந்த அக்காவை அவள் ஒரு நாளும் மறக்கவில்லை.

இதைக் கேட்டதும் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்பார், எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

"அந்தப் புள்ள இப்ப நல்லா சாப்பிடுதாமா?"

அதற்கு மட்டும் நீ யோசிக்க வேண்டாம். ஆமாம் என்று சொல்லிவிடு. இப்போதுதான் கேட்டுவிட்டு வந்தேன்.